ஐந்துக்கு ஐந்து எடுத்த சோதனையும் டண்டினொங் தொலைபேசியும்

பயனர் ஆய்வு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் யாராவது "சோதனைக்கு வந்த ஐந்து பேரும் தேடியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று அறிக்கை எழுதி வைத்திருந்தால், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அழுத்திவிட்டேன். அதன் விளைவு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, என் எதிரே ஒரு கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். நினைவில் இல்லை, எழுதியிருக்கிறது. ஊர் வரலாறு, கப்பல் நாட்குறிப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன் நான். நேரம் போடாத குறிப்பை நம்பக்கூடாது என்று அந்தப் படிப்பில்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டு, ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே கிழமை, மணி, இடம் மூன்றையும் எழுதிவிடுவேன். அலுவலகத்தில் சிரிப்பார்கள். அந்த வாரம் அந்தப் பழக்கம்தான் என்னைப் பிடித்துக் கொடுத்தது. காப்பாற்றியதும் அதுதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு அது. பாதுகாப்புச் சப்பாத்துகளையும் வேலை உடுப்புகளையும் இணையத்தில் விற்கும் ஒரு நிறுவனத்தில் பயனர் ஆய்வாளராக இருந்தேன். தலைமை அலுவலகம் சிட்னியில். என் வீடு குவேக்கர்ஸ் ஹில்லில். சப்பாத்துகள் இருந்த களஞ்சியம் மெல்பேர்னில், டண்டினொங்கில். இணையத்தளத்தின் தேடல் பெட்டியையும், தேடிய பிறகு நிறம், அளவு என்று பிரித்துக்காட்ட இடப்பக்கம் வரும் வடிகட்டிகளையும் புதிதாக வடிவமைத்திருந்தோம். வடிவமைத்தவன் கார்த்திக், கோயம்புத்தூர்க்காரன், கெட்டிக்காரன். அந்தப் புதுத் தேடலால் சனங்களுக்குத் தேவையானதைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஐந்து பேரைச் சிட்னி அலுவலகத்துக்கு அழைத்து, ஒவ்வொருவரிடமும் ஒரு பணித்தாளைக் கொடுத்தேன். "கறுப்பு நிறத்தில், எட்டாம் அளவில், இரும்பு முனை வைத்த சப்பாத்து ஒன்றைக் கண்டுபிடியுங்கள்." இப்படி ஆறு பணிகள். ஐந்து பேரும் ஆறையும் முடித்தார்கள். ஐந்துக்கு ஐந்து! துள்ளிக் குதிக்காத குறையாக அறிக்கை எழுதினேன். "தேடல் நன்றாக வேலை செய்கிறது" என்பது முதல் வரி. "மூடும் வகை என்ற கடைசி வடிகட்டியை ஒருவரும் தொடவில்லை, எடுத்துவிடலாம்" என்பது இரண்டாவது.

அறிக்கை போன பிறகு, விளக்கப்படத்தில் சேர்ப்பதற்காகக் களஞ்சிய அடுக்குகளைப் படமெடுக்க டண்டினொங்குக்குப் போனேன். அடுக்குகளுக்கு அப்பால், ஜன்னலோரம், ஒரு மேசையும் தொலைபேசியும் இருந்தன. மேசைக்குப் பின்னால் என் வயதையொத்த ஒரு பெண். பெயர் ஜெசிந்தா, மன்னார்ப் பக்கம். தளத்தில் தேடிக் கிடைக்காதவர்கள் அந்த எண்ணுக்குத்தான் எடுப்பார்கள். மேற்பார்வையாளர் என்னை அறிமுகப்படுத்திவிட்டு நகர்ந்ததும், அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஐஞ்சுக்கு ஐஞ்சு எடுத்த பிள்ளை நீங்கள்தானோ?"

"எதைச் சொல்லுறீங்கள்?"

"உங்கட ரிப்போட்டைத்தான். எனக்கும் அனுப்பினவை. தேடல் நல்லா வேலை செய்யுதாம், இனிப் போன் தேவையில்லையாம். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மீட்டிங். திங்கட்கிழமை புது வெப்சைட் வருது, அண்டைக்கே இந்தக் கதிரை காலி."

"போன் தேவையில்லை எண்டு நான் எழுதேல்லையே."

"நீங்கள் எழுதேல்லை, அண்ணை. நீங்கள் எழுதினதை வாசிச்சவை எழுதிப்போட்டினம்."

பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. "இருங்கோ, வேலை இருக்கும்வரைக்கும் செய்வம்" என்றார். எடுத்து, மறுமுனையில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, எனக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். பேசியவள் ஓர் இளம் பெண்.

"அக்கா, உங்கட வெப்சைட்டில ரெண்டு நாளாத் தேடுறன். திங்கட்கிழமை பிஸ்கட் ஃபக்டரியில வேலை தொடங்குறன். சேஃப்டி சப்பாத்து இல்லாட்டி உள்ள விடமாட்டினம்."

"நீங்கள் எங்க நிக்கப்போறீங்கள், தங்கச்சி?"

"பெக்கிங்கில, பெட்டி அடைக்கிற இடத்தில. சீமெந்து நிலம். எட்டு மணித்தியாலம்."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் கழட்டிப் போடவேணும்?"

"அதுதான் அக்கா பிரச்சினை! ஒவ்வொரு பிரேக்குக்கும் வாசல்ல கழட்டி வச்சிட்டுத்தான் வெளிய வரவேணுமாம். பிரேக்கே பத்து நிமிசம். நாடா அவிழ்த்துக் கட்டவே அது முடிஞ்சிடும். பிறகு வீட்டு வாசல்லயும்..."

"வீட்டு வாசல்லயும் கழட்டவேணும். தெரியும். பக்கத்தில சிப் வச்சது ஒண்டு இருக்கு, ஒரே இழுவையில கழண்டிடும், உள்ளுக்கு மெத்தையும் இருக்கு. இனி அளவைச் சொல்லுங்கோ."

அளவு கடைசியில்தான் வந்தது. நிறம் வரவேயில்லை. இரண்டு நிமிடம் நாற்பது வினாடி, குறித்துக்கொண்டேன்.

"எல்லாரிட்டயும் இப்பிடித்தான் கேப்பீங்களோ?"

"வேற என்னத்தைக் கேக்கிறது? எங்க நிக்கிறீங்கள், எத்தினை தரம் கழட்டுவீங்கள். இந்த ரெண்டும் தெரிஞ்சால் பாதிச் சப்பாத்து தன்ர பாட்டில விலகிடும்."

மடிக்கணினியைத் திறந்து புதிய தளத்தில் அதே சப்பாத்தைத் தேடினேன். "கழற்ற இலகுவானது" என்று அடித்தால் சப்பாத்துத் துடைக்கும் தூரிகைகள் வந்தன. சிப் வைத்தவை எங்கே இருக்கின்றன என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்: இடப்பக்கப் பட்டியலின் அடியில், "மூடும் வகை" என்ற வடிகட்டிக்குள். எடுத்துவிடலாம் என்று நான் எழுதிய அதே வடிகட்டி!

கீழே குனிந்து என் கால்களைப் பார்த்தேன். நாடா இல்லாத சப்பாத்து. குவேக்கர்ஸ் ஹில் வீட்டு வாசலில் ஒரு நாளைக்கு நாலு முறை கழற்றி மாட்டுகிறவன் நான். கடையில் சப்பாத்து வாங்கும்போது நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். எங்கள் தெருவில் பாதி வீட்டு வாசல்களில் சப்பாத்துகள் வரிசையாகக் கிடக்கும். பணித்தாள் எழுதும்போது மட்டும் அது எப்படி என் மண்டையில் ஏறாமல் போனது?

குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது. "வெள்ளி, பி.ப. 4.40, சிட்னி, என் மேசை. பணித்தாள் முடிந்தது. பக்கத்துத் திரையில் தளம் திறந்திருந்தது. இடப்பக்கப் பட்டியலைப் பார்த்து ஆறு பணிகளையும் எழுதினேன். சுலபமாக முடிந்தது."

நம் தொழிலில் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. நீங்களும் ஒருநாள் செய்வீர்கள். பட்டியலில் நிறம் இருந்தது, நான் நிறம் கேட்டேன். பட்டியலில் அளவு இருந்தது, அளவு கேட்டேன். வடிகட்டிகளில் இருந்த அதே சொற்களைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, "பாருங்கள், எல்லாரும் கண்டுபிடிக்கிறார்கள்!" என்று கைதட்டினேன். வந்த ஐவரும் விடையைப் பார்த்து எழுதியவர்கள். போதாததற்கு, அவர்களில் ஒருவர்கூட வேலைக்கு இந்தச் சப்பாத்தைப் போடுகிறவரில்லை.

"என்ன அண்ணை, முகம் ஒரு மாதிரியாப் போச்சு?"

புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். வாசித்தார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன்.

"நல்ல கையெழுத்து" என்றார். "சரி, இப்ப என்ன செய்யப்போறீங்கள்?"

வியாழன் பதினொரு மணிக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. "தளம் சரியில்லை" என்று ஒரு மின்னஞ்சல் போடலாம். ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பைக் கேட்டுவிட்டு மனம் மாறியவன் என்றுதான் சிட்னியில் நினைப்பார்கள். அது நியாயமும்கூட. சோதனையைத் திருப்பிச் செய்யவேண்டும். இம்முறை பணித்தாள் இல்லாமல். உண்மையாகவே சப்பாத்துத் தேவைப்படும் ஆட்கள் நாளைக்குள் வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"அவ்வளவுதானே?" என்று ஜெசிந்தா தன் கொப்பியை எடுத்தார். அந்த வாரம் தொலைபேசியில் அழைத்து, ஒன்றையும் முடிவு செய்யாமல் வைத்துவிட்டவர்களின் எண்கள் அதில் இருந்தன. "ஆனா சும்மா வாங்கோ எண்டால் ஒருத்தரும் வராயினம். ஸ்பிரிங்வேல் கடையில சாப்பிட ரோல்ஸ் வாங்கியாறன், ரோல்ஸ் இருக்கு எண்டு சொல்லுவம்."

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு, களஞ்சியத்தின் சாப்பாட்டறையில், ஐந்து பேர் வந்திருந்தார்கள். கார்த்திக் சிட்னியிலிருந்து காணொளியில் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு வாக்கியம்தான் சொன்னேன்: "உங்களுக்கு வேண்டியதைத் தேடுங்கள்." பிறகு வாயை மூடிக்கொண்டேன். இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி அதுதான்.

முதலாமவருக்குக் கிடைத்தது, அவருக்குத் தயாரிப்பின் பெயர் முன்பே தெரியும். அடுத்த இருவருக்குக் கிடைக்கவில்லை. நாலாவதாக வந்தவர் ஒரு வியட்நாமியர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வண்டியில் ஏறி இறங்கும்போது நாடா மாட்டிக்கொள்ளும் என்பதால் நாடா இல்லாதது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒன்பது நிமிடம் தேடினார். பட்டியலின் அடிவரை இறங்கினார்; "மூடும் வகை"யைப் பார்த்தார்; தாண்டிப் போனார். கடைசியில் நாடா வைத்த ஒன்றில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல வெப்சைட். மிக நல்லது."

பழைய நான் இதை வெற்றி என்று எழுதியிருப்பேன். "அப்படியென்றால் இதை வாங்குவீர்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்லை! ஜெசிந்தாவுக்குப் போன் எடுப்பேன்."

அறையே சிரித்தது. திரையில் கார்த்திக் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, ஃபில்டர் அங்கதானே இருக்கு? அவர் ஏன் தொடலை?"

"மூடும் வகை எண்டால் அவருக்கு என்ன விளங்கும்? பெட்டி மூடுறதோ, கடை மூடுறதோ?"

"அது புராடக்ட் டேட்டால வந்த பேரு. நான் வைக்கலைண்ணா."

"நானும் வைக்கேல்லை. ஆனா அதை எடுத்துவிடச் சொன்னது நான்தான்."

ஜெசிந்தா என் தோளுக்கு மேலால் திரைக்குள் எட்டிப் பார்த்தார். "தம்பி, நான் ஜெசிந்தா. முதல்ல எங்க நிக்கிறீங்கள் எண்டு கேளும். பிறகு கழட்டுறது எப்பிடி எண்டு கேளும். உம்மட கலர் எல்லாம் பிறகு வரட்டும்."

"எங்க நிக்கறீங்க..." கார்த்திக் அதை மெல்லச் சொல்லிப் பார்த்தான். பிறகு அவன் முகம் மாறியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சிமெண்டு, எண்ணெய், ஐஸ், சேறு... அக்கா, வேற என்ன சொல்வாங்க? அண்ணா, கடைசி ஆள் இன்னும் ஸ்கிரீனைப் பாக்கலைதானே? பாக்க விடாதீங்க! போகவும் விடாதீங்க! நாப்பது நிமிஷம், மாதிரி ஒண்ணு மாத்திட்டு வர்றேன்!"

"ரெண்டு ரோல்ஸ்தான் மிச்சம் இருக்கு" என்றார் ஜெசிந்தா. "கெதியாச் செய்யும்."

அவன் கேட்டதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை தடுமாறியவரை மறுபடி உட்காரவைத்தால் அது சோதனை அல்ல. வழி அவருக்குப் பழகிவிடும். ஐந்தாவதாக இருந்தவர், மீன் பதப்படுத்தும் குளிரறையில் வேலை செய்யும் ஒரு கம்போடியப் பெண், புதுத் தளத்தை இன்னும் பார்க்காதவர். எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவர்தான். ஜெசிந்தா அவரை அடுக்குகளுக்கிடையே கூட்டிக்கொண்டு போய்ப் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். முப்பத்தெட்டாவது நிமிடம் கார்த்திக்கின் இணைப்பு வந்தது.

மாதிரித் தளத்தில் இப்போது மேலே இரண்டு கேள்விகள் இருந்தன: எங்கே நிற்பீர்கள்? எப்படிக் கழற்றுவீர்கள்? அந்தப் பெண் தேடல் பெட்டியைத் தொடவேயில்லை. "குளிரறை" என்பதை அழுத்தினார். "இழுத்துக் கழற்றுவது" என்பதை அழுத்தினார். மூன்று சப்பாத்துகள் வந்தன. நடுவில் இருந்ததைச் சுட்டிக்காட்டி, "இதுதான்" என்றார். நாற்பத்தொன்பது வினாடி.

ஃபோர்க்லிஃப்ட்காரர்தான் முதலில் கைதட்டினார். கார்த்திக் சிட்னியில் எழுந்து நின்று கத்தியதில் அவன் பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் கத்தினேன், அதை என் புத்தகத்தில் எழுதவில்லை, ஆனால் கத்தினேன்.

"அண்ணா, நாளைக்கு மீட்டிங்ல சொல்லிடலாம், புது டிசைன் ஒர்க் ஆகுதுன்னு!"

"சொல்லேலாது, தம்பி. ஒரு ஆள். ஒரேயொரு ஆள். ஐந்து பேரை வச்சு நான் அடிச்ச கூத்துப் போதும்."

அவன் முகம் சுருங்கியது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பொய்யான உறுதியைத் திரும்பப் பெறப் போகிறவன், கையில் இன்னொன்றைக் கொண்டுபோகக்கூடாது.

வியாழன், பதினொரு மணி. ஜெசிந்தாவின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே காணொளியில் கூட்டத்தில் சேர்ந்தேன். எங்கள் பொறுப்பாளர், வேகமாக முடிவெடுக்கிற, நேர்மையான பெண்மணி, என் அறிக்கையைத் திரையில் போட்டு, "ஐந்துக்கு ஐந்து. தொலைபேசி மேசையைப் பற்றி வேறு கேள்வி உண்டா?" என்றார்.

"அந்த அறிக்கையை நான் திரும்பப் பெறுகிறேன்" என்றேன்.

யாருடைய தவறு என்று கேட்டார். என்னுடையது என்றேன். குறிப்புப் புத்தகத்தின் வெள்ளிக்கிழமைப் பக்கத்தைக் கமராவுக்கு நேரே பிடித்து, அந்த நாலு வரிகளையும் வாசித்தேன். பிறகு புதன்கிழமை எடுத்த ஒளிப்பதிவில் ஃபோர்க்லிஃப்ட்காரரின் கடைசி நிமிடத்தைப் போட்டேன். "ஜெசிந்தாவுக்குப் போன் எடுப்பேன்" என்று அவர் சொன்னதும் பொறுப்பாளரின் உதடு லேசாக அசைந்தது.

ஆனாலும் அவர் அசைய முடியாத இடம் ஒன்று இருந்தது. "திங்கட்கிழமையைத் தள்ளிப்போட முடியாது. வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தாகிவிட்டது."

வரும் வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்தது "தள்ளிப்போடுங்கள்" என்று கேட்பதற்குத்தான். அந்தக் கணத்தில் அதை விட்டுவிட்டேன். இல்லை என்ற பதில் ஏற்கெனவே வந்துவிட்ட கேள்வியைக் கேட்டு என்ன பயன்? எனக்கு உண்மையில் வேண்டியது எது என்று யோசித்தேன். அது தேதி அல்ல.

"தள்ளிப்போடவேண்டாம். கார்த்திக்கின் இரண்டு கேள்விகளையும் மேலே வையுங்கள். சரிதான் என்று நான் உறுதி சொல்லமாட்டேன், முந்தியதைவிட மோசமாக இருக்காது என்று மட்டும் சொல்வேன். தேடி ஒன்றும் கிடைக்காத பக்கத்தில் இந்தத் தொலைபேசி எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். எது பிழை என்று நமக்குச் சொல்லப்போகிற ஒரே இடம் இந்த மேசை. அதைத் திங்கட்கிழமையே மூடினால், நாம் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறோம்."

அவர் கார்த்திக்கைப் பார்த்தார். "வெள்ளிக்குள்ள முடிச்சுடுவேன்" என்று அவன் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கித் தமிழில் முடித்தான். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையசைத்தார்.

"சரி. அந்தத் தொலைபேசி அடிப்பது நிற்கும்வரை மேசை இருக்கட்டும். நின்றால் மூடுவோம்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. நான் பெருமூச்சு விட்டேன். ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அண்ணை, நீங்கள் நல்லாச் செய்தால் போன் அடிக்காது, என்ர வேலை போகும். கூடாமச் செய்தால் உங்கட வேலை போகும்."

எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. சிட்னிக்கு எடுத்திருந்த விமானச் சீட்டை மாற்றினேன். அந்தத் திங்கட்கிழமையை அந்த மேசையைத் தவிர வேறு எங்கிருந்தும் பார்க்க என்னால் முடியாது.

திங்கள், காலை 8.00. புதிய தளம் திறந்தது. 8.30, ஒன்றுமில்லை. 9.00, ஒன்றுமில்லை. கணினியில் விற்பனைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன: குளிரறை, எண்ணெய்த் தரை, சீமெந்து. கார்த்திக் குறுஞ்செய்திகளாகப் பொழிந்தான். ஒவ்வொன்றுக்கும் நான் உள்ளே துள்ளினேன். துள்ளிவிட்டு, பக்கத்தில் அசையாமல் இருந்த தொலைபேசியைப் பார்த்தேன். என் வேலை வாழ்க்கையில் வெற்றியைக் கண்டு பயந்தது அந்த ஒருநாள்தான். ஜெசிந்தா மேசையைத் துடைத்தார். பேனாக்களை அடுக்கினார். "ரோல்ஸ் கடையில ஆள் எடுத்தால் நான் அங்க வேலைக்குப் போவன்" என்றார்.

9.50க்கு அடித்தது.

இருவரும் ஒன்றாகக் கை நீட்டினோம். அவர் என் கையைத் தட்டிவிட்டு எடுத்தார். ஆங்கிலத்தில் ஓர் ஆணின் குரல், பின்னணியில் காற்று. ஜெசிந்தா கேட்டார், தலையாட்டினார், கண்கள் அகன்றன. தொலைபேசியின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அந்த வாரம் முழுக்க நான் கண்டதில்லை.

"அண்ணை, இந்த மனுசன் நிலத்திலயே நிக்கிறதில்லையாம். கூரையில! தகரக் கூரை, சரிவு, வெயிலுக்குக் கொதிக்குமாம். உங்கட லிஸ்டில தன்ர இடம் இல்லை எண்டு சண்டை பிடிக்கிறார்."

கூரை! எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜெசிந்தாவுக்கும்தான். அன்று மாலைக்குள் தளத்தில் கூரை ஏறியது. அடுத்த வாரம் படகுத் தளம், அதற்கடுத்து வைத்தியசாலைச் சலவையறை. அந்தத் தொலைபேசி அடிப்பதை நிறுத்தவேயில்லை. அந்த மேசை இன்றும் அங்கே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் உங்களை அனுப்பி உட்காரவைப்பார்களே, அதே மேசைதான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், ஒரு மனிதர் கொதிக்கும் தகரத்தில் நின்றபடி எங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும், அதைவிட இனிமையான ஒன்றை நாங்கள் கேட்டதில்லை என்பதும்தான்.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறீங்கள்?" என்றார் ஜெசிந்தா. "எழுதுங்கோ. நாள், நேரம் எல்லாம் போட்டு."